மூன்று கண்ணாடி மேசையும் மூத்த மாப்பிள்ளையும்

முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு வரும் என்று எத்தனையோ பிள்ளைகளின் தலையில் ஏற்றியிருக்கிறேன். ஏறாத தலைகளில் குட்டு வைத்து ஏற்றியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். என் வாழ்க்கையில் நானாக ஒரு பொருளை அளந்து பார்த்து வாங்கியது ஒரே ஒரு தடவைதான். அதன் பலனாக, என் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி நின்றுகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஆறு மாதத்தில் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. என் மனைவி சரோஜாவுக்குப் பிறந்த ஊரே திண்டுக்கல்தான். நல்ல தண்ணீர் உள்ள வாடகை வீடு கிடைக்கும்வரை இரண்டு மாதம் எங்கள் வீட்டு மாடியில் இருங்கள் என்று மாமனார் சொன்னார். அந்த இரண்டு மாதம் பதினான்கு மாதமாக நீண்டது. (தண்ணீர் கிடைக்கவில்லை என்பது உண்மை. அத்தையின் சமையலை விட்டுப் போக மனசு வரவில்லை என்பது அதைவிட உண்மை.)

மாமனார் புகையிலை மண்டி வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். மாமனார் வீட்டில் சாப்பிடும் மாப்பிள்ளையை அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. இந்த வீட்டில் என் சொந்தப் பொருள் என்று சொல்லிக்கொள்ள ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையும்தான் இருந்தன. பெரிதாக ஏதாவது வாங்கிப் போட வேண்டும், பார்ப்பவர்கள் “இது மூத்த மாப்பிள்ளை வாங்கியது” என்று சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

மாடி அறையில் இருந்த கண்ணாடி உள்ளங்கை அகலம்தான். ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காற்றடித்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரோஜா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொட்டு வைப்பாள். தலையில் பூ நேராக இருக்கிறதா என்று தங்கை வசந்தாவைக் கேட்பாள். அக்காவோடு சண்டை போட்ட நாட்களில் வசந்தா, பூ காதுக்குப் பக்கத்தில் தொங்கினாலும் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்படித் தொங்கிய பூவோடு சரோஜா ஒரு கல்யாணத்துக்கே போய்வந்தாள். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு பாய் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். ஊரைவிட்டுப் போன துரைமார்களின் பங்களாக்களிலிருந்து வந்த நாற்காலிகளும் அலமாரிகளும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். அங்கேதான் அதைப் பார்த்தேன். பர்மா தேக்கில் செய்த அலங்கார மேசை. கீழே இரண்டு பக்கமும் மும்மூன்று இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்கும் பித்தளைக் குமிழ். கால்கள் சிங்கத்தின் பாதம்போல விரலும் நகமுமாகச் செதுக்கப்பட்டிருந்தன. மேசைக்கு மேலே நடுவில் பெரிய கண்ணாடி. அதன் இரு பக்கமும் கதவுபோலத் திறந்து மூடும் இரண்டு கண்ணாடிகள். ஓர் இழுப்பறையைத் திறந்தேன். எந்தத் துரைசானியோ எப்போதோ வைத்திருந்த பவுடரின் வாசனை இன்னும் போகாமல் இருந்தது.

நான் அதன் முன்னால் நின்றேன். மூன்று கண்ணாடியிலும் மூன்று நான். மூன்று பேருமே தலைமையாசிரியர் ஆகத் தகுதியுள்ளவர்கள்போலத் தெரிந்தார்கள். அத்தோடு நான் விழுந்தேன்.

பாய் நேர்மையான வியாபாரி. பெல்ஜியம் கண்ணாடி, ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்றார். வண்டியில் ஏற்றும்போது நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், படுக்கவைக்கக் கூடாது என்றார். கடைசியாக, “மாடிக்கு ஏத்துறதா இருந்தா பின்பக்கம் பாத்துக்கங்க சார்” என்றார். பின்னால் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் தெரியும் பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அளந்தேன், அளக்காமல் இல்லை. தெருமுனைத் தையல்காரரிடம் அளவு நாடா வாங்கிப் போய் மேசையை நீளம், அகலம், உயரம் மூன்றும் அளந்தேன். வீட்டுக்கு வந்து மாடிப்படியின் அகலத்தையும் அளந்தேன். மேசை பக்கவாட்டில் போக இரண்டங்குலம் மிச்சம் இருந்தது. மாமனார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “படி நடுவுல திரும்புது மாப்ள. அதையும் அளந்துட்டீகளா?” என்று கேட்டார். நான் அவரை உட்காரவைத்து, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த வீட்டு மாடிப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்திலிருந்து இரண்டு சுவர்களுக்கு நடுவே நேராக ஏறும். பாதி உயரத்தில் ஒரு சின்ன சதுரமான இடம். அங்கே வலது பக்கம் திரும்பி மறுபடி நேராக ஏறினால் எங்கள் அறை. வேறு வழி கிடையாது.

இப்போது வசந்தா. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டு, காந்திகிராமத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் மாட்டேன் என்று சொல்லவில்லை. “பாப்போம்” என்றார். அந்த வீட்டில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வேளையில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுடைய அப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் மண்டி. பையன் தண்டபாணி, உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைக் கொண்டுவர நான் ஏற்பாடு செய்தேன். வசந்தா அந்தப் புதுக் கண்ணாடி முன்னால் அலங்கரித்துக்கொள்ளட்டும் என்று வெளியில் சொன்னேன். வருகிறவர்கள் காதில் மூத்த மாப்பிள்ளையின் மேசையைப் பற்றி ஒரு வார்த்தை விழட்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.

காலை பத்து மணிக்கு வர வேண்டிய மாட்டுவண்டி மத்தியானம் இரண்டரைக்கு வந்தது. வண்டிக்காரர் வழியில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தாராம். மேசை இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. அத்தை வாசலுக்கு வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு ஓரமாக வைத்துவிடலாம், அவர்கள் வந்து போனபிறகு நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றார். இதைவிட நல்ல யோசனை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. “அஞ்சு நிமிஷ வேலை அத்தை” என்றேன் நான்.

மாமனாரின் மண்டியில் மூட்டை தூக்கும் கருப்பையாவும் இன்னொருவரும் கீழிருந்து தூக்கினார்கள். நான் மேல் பக்கம் பிடித்தேன். பாதி வழி வரைக்கும் நான் கணக்குப் போட்டபடியே வந்தது. திருப்பத்தில் மேசையை வளைக்க வேண்டும் அல்லவா? நான் மூலைக்குள் நுழைந்து நின்றுகொண்டு, இப்படித் திருப்புங்கள், அப்படிச் சாயுங்கள் என்று உத்தரவு போட்டேன். அவர்களும் சொன்னபடி செய்தார்கள். ஒரு பெரிய மூச்சோடு தூக்கினார்கள். ‘நறுக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மேசை மூலைவாட்டில் உட்கார்ந்துவிட்டது. இழுப்பறைகள் உள்பக்கச் சுவர் முனையில் முட்டிக்கொண்டன. மேசையின் முதுகு வெளிப்பக்க மூலையை அடைத்தது. அந்த மூலையில் ஒரு செங்கோண முக்கோணம் அமைந்தது. அதற்குள் நான்.

மேலே போகவும் முடியாது, கீழே வரவும் முடியாது. சரோஜாவும் வசந்தாவும் மாடியில். மற்றவர்கள் கீழே. கருப்பையா இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். “சார், இதுக்கு மேல தள்ளுனா செவுரு வந்துரும். ஆசாரியக் கூட்டியாரேன். செத்த நேரம் அப்படியே நில்லுங்க” என்றார். நான் வேறு எப்படியும் நிற்க முடியாது என்பது அவருக்கே தெரியும். ஆசாரி தாடிக்கொம்பில் ஏதோ வீட்டு வேலையில் இருந்தார். கருப்பையா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள்.

நான் எதையும் பார்க்கவில்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன். செருப்புகள் கழற்றும் சத்தம். வாங்க வாங்க என்று மாமனார். ஜமக்காளம் விரித்த கூடம் மாடிப்படிக்கு நேர் எதிரே. பையனின் அப்பா வெங்காய விலையைப் பற்றி ஆரம்பித்தார். மாமனார் புகையிலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். கேசரியின் நெய் வாசமும் வாழைக்காய் பஜ்ஜி வாசமும் படியேறி வந்து மேசையைச் சுற்றி என்னிடம் வந்தன. எனக்கு மத்தியானச் சாப்பாடும் இல்லை. மூத்த மாப்பிள்ளை எங்கே என்று பையனின் அப்பா கேட்டார். “மேல ஒரு வேலையா இருக்காரு” என்றார் மாமனார். அவர் பொய் சொல்லிக் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அதிலும் பாதி உண்மை இருந்தது.

அப்போது மாடிப் பக்கமிருந்து கொலுசுச் சத்தம் இறங்கி வந்தது. ஏறிக் குதித்தாவது போக முடியுமா என்று பார்க்க வசந்தா பட்டுச்சேலையோடு வந்திருந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். மெதுவான குரலில் மேலே இருந்த அக்காவுக்குச் சொன்னாள். “அக்கா, இந்தக் கண்ணாடில கூடம் முழுசாத் தெரியுது. நீலச் சட்டைதான் மாப்பிள்ளை போல. கையில பஜ்ஜிய எடுத்தவரு எடுத்தபடியே இருக்காரு. வாய்க்கே கொண்டுபோக மாட்டேங்கிறாரு.”

மேசை மூலைவாட்டில் நிற்கிறது. கண்ணாடி சரியாக நாற்பத்தைந்து பாகையில் இருக்கிறது. மாடிப் பக்கமிருந்து பார்த்தால் கூடம் தெரியும் என்றால், கூடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? அன்றைக்கு நான் போட்ட கணக்குகளில் இது ஒன்றுதான் சரியாக வந்தது.

“வசந்தா, உனக்கு அவரு தெரிஞ்சா, அவருக்கு நீயும் தெரிவ” என்று மேசைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

“நெசமாவா அத்தான்?”

“நீலச் சட்டை ஏன் பஜ்ஜி திங்கலைன்னு நெனச்ச?”

கொலுசு இரண்டு படி மேலே ஓடியது. பிறகு நின்றது. பிறகு மெதுவாக அதே இரண்டு படி இறங்கி வந்தது. ஏன் திரும்பி வந்தாள் என்று பல வருஷம் கழித்து அவளையே கேட்டேன். தலையைக் குனிந்து தட்டோடு போயிருந்தால் அந்த மனிதரின் கால்விரல்களைத்தான் பார்த்திருப்பேன், முகத்தைப் பார்க்கக் கிடைத்ததை ஏன் விட வேண்டும் என்றாள்.

கூடத்தில் பையனின் அம்மா மகனின் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டார். “ஏனுங்க, புள்ள என்னங்க கண்ணாடிக்குள்ளார நிக்குது?” என்று அவர் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நடுக் கண்ணாடியில் ஒரு வசந்தா, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு வசந்தா. மூன்று பேரும் தலை குனியாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டார். மாடிப்படியில் சாமான் மாட்டிக்கொண்டது, பெண் மேலே இருக்கிறாள் என்று மாமனார்தான் சுருக்கமாகச் சொன்னார். மூத்த மாப்பிள்ளையும் மேலே இருக்கிறாரா என்று கேட்டார்கள். மாமனாரின் குரல் கேட்டது. “இல்ல. சாமானுக்குப் பின்னால இருக்காரு.”

இனியும் மறைந்திருப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. “வணக்கமுங்க” என்றேன். இரண்டு கையையும் கூப்பிவிட்டுத்தான் சொன்னேன். யாரும் பார்க்க முடியாது என்பது கைகளுக்குத் தெரியவில்லை.

படியில் காலடி கேட்டது. தண்டபாணி எழுந்து வந்திருந்தார். அவருடைய அம்மா உட்காருடா என்று கூப்பிட்டதையும் கேட்டேன். அவர் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மறைவில் இருந்த என்னிடம் கேட்டார். “சார், பின்பக்கம் திருகாணி ஏதாச்சும் தெரியுதுங்களா?”

அப்படி ஒன்றும் இல்லை, பித்தளையில் நாலு பூ பதித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அந்த நாலு பூவும் முக்கால் மணி நேரமாக என் மூக்குக்கு நேரே இருந்தன. நல்ல வேலைப்பாடு என்று நான் ரசித்துக்கொண்டுகூட இருந்தேன்.

“பூவுக்கு நடுவால கோடு இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“அப்ப அது பூ இல்லீங்க.”

பாய் எந்தப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த நாலையும் கழற்றினால் கண்ணாடி தனி, மேசை தனி. தண்டபாணி சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினார். அவர் நின்ற பக்கம் என் கை எட்டவில்லை. வசந்தா மேல்பக்கமிருந்து எக்கி, அவர் கையிலிருந்து காசை வாங்கி, கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் சந்து வழியாக என்னிடம் கொடுத்தாள்.

நான் திருக ஆரம்பித்தேன். (முதல் திருகாணியை வலது பக்கம் திருகி நன்றாக இறுக்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் சரோஜா விடமாட்டாள்.) இரண்டாவது கழன்றபோது வசந்தா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் நடுங்கவில்லை.

“நான் காந்திகிராமத்துல ரெண்டு வருஷம் படிக்கணும். எங்கப்பாகிட்டக் கேட்டா பாப்போம்கிறாரு. நீங்களும் பாப்போம்னு சொல்றதா இருந்தா, இப்பவே சொல்லிருங்க.”

என் கை தானாக நின்றது. கீழே பெரியவர்கள் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே ஒரு மேசை. எனக்கு அவர் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“ரெண்டு வருசந்தானுங்களே. படிங்க. எங்கப்பங்கிட்ட நான் சொல்லிக்கிறேனுங்க.”

அதற்குப் பிறகும் அவர்கள் ஏதோ பேசினார்கள். என்ன படிக்க வேண்டும், எவ்வளவு தூரம், மில்லில் என்ன வேலை என்று சாதாரணப் பேச்சுதான். நாலாவது திருகாணி எப்போதோ கழன்று என் உள்ளங்கையில் இருந்தது. நான் சும்மா காசைப் பித்தளையில் உரசி சத்தம் செய்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் இது ஒன்றுதான். இதை எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட நம்புவதில்லை. இவருக்குத் திருகத் தெரியாமல் நேரமாயிற்று என்பதே சரோஜாவின் கட்சி.

கடைசியில் தண்டபாணி கண்ணாடியைத் தூக்கி எடுத்தார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் முன்னால் நான் வெளிப்பட்டேன். போன தீபாவளிக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பு முழுவதும் இப்போது என் மேல் இருந்தது. தலை, மீசை, புதுச் சட்டை எல்லாம் வெள்ளை. கையில் நாலு பித்தளைப் பூ. பையனின் அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவருதானுங்களா கணக்கு வாத்தியாரு?” என்றார். ஆமாம் என்றார் மாமனார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து கருப்பையா ஆசாரியோடு வந்து சேர்ந்தார். ஆசாரி ரம்பத்தோடு வந்திருந்தார்.

பையனின் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. பெண்ணைக் கண்ணாடியில் பார்த்தது கணக்கில் சேராது, இன்னொரு நாள் வந்து நேரில்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் அறுந்தது என்றே நாங்கள் நினைத்தோம். அத்தை என்னிடம் அன்றைக்குப் பேசவில்லை. ரசம் மட்டும் வழக்கத்தைவிடக் காரமாக இருந்தது.

மறுநாள் காலை மாமனார் என்னை மண்டிக்கு வரச்சொன்னார். வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு போனேன். அவர் புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“படியில பேசுனா கூடத்துல நல்லாவே கேக்கும் மாப்ள. வசந்தா அந்தப் பையங்கிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஒரு வருஷமா எங்கிட்டச் சொன்னதுதான். அப்பல்லாம் கேக்கல.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியில் சேர மனு வாங்க எப்போது போக வேண்டும் என்று விசாரித்து, வசந்தாவைக் காந்திகிராமத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார். பஸ்ஸில் போகும்போது வசந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னாளபட்டி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு மாதம் கழித்து ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை நான் வாசலிலேயே நின்று வரவேற்றேன். இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. வசந்தா டீச்சராகி, தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பாடம் நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். தலைமையாசிரியர் ஆகும் தகுதி எங்கள் குடும்பத்தில் அவளுக்குத்தான் இருந்தது. நான் கடைசிவரை கணக்கு வாத்தியார்தான்.

மேசை இன்றைக்கும் எங்களிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நாலு வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு தடவையும் தண்டபாணி ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து அதைத் தன் கையால் கழற்றி, புது வீட்டில் தன் கையால் பூட்டிக்கொடுத்தார். என்னை அந்தப் பக்கம் வர விட்டதில்லை. இழுப்பறைகளில் துரைசானியின் பவுடர் வாசம் போய்விட்டது. சரோஜாவின் சாந்துப்பொட்டும் மருக்கொழுந்தும் சேர்ந்த வாசம்தான் இப்போது.

வசந்தாவின் பேரப்பிள்ளைகள் என்னைக் கண்ணாடித் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய சிநேகிதப் பிள்ளைகள் என் மூக்கைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியே இல்லாத தாத்தாவுக்கு ஏன் இந்தப் பேர் என்று குழம்புவார்கள். போன வருஷம் கண்ணில் புரை எடுத்து, மருத்துவர் எனக்கு ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போனேன். இனிமேல் பேருக்குக் காரணம் கேட்டால் இதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. வசந்தாவின் கடைக்குட்டிப் பேத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். “பாட்டி, கண்ணாடித் தாத்தா இன்னைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க” என்று அவள் சொன்னதும், உள்ளேயிருந்து தண்டபாணியும் வசந்தாவும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.